நிம்மதியில் முதல் மதிப்பெண்

பேருந்து நிலையத்துக்கு எதிரே இரண்டு மாடி உயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள் கோகிலவாணி. 'நிம்மதியில் மாநில முதலிடம்: 99/100. ஞானச்சிகரம் மேல்நிலைப் பள்ளி' என்று படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்தப் பதாகையின் நிழலில் பேருந்துக்காக நின்ற நிஜக் கோகிலவாணிக்கு உள்ளங்கை வியர்த்து வழிந்தது. அன்று அவளுக்குப் பாராட்டு விழா.

அவள் காதுக்குப் பின்னால் பட்டாணி அளவில் ஒட்டியிருந்தது மனமானி. மூச்சையும் நாடியையும் படித்து, மனசு எவ்வளவு லேசாக இருக்கிறது என்று நூற்றுக்குக் கணக்குச் சொல்லும். பயத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு, வயிற்று வலி என்று வீட்டில் படுத்துக்கொள்ளும் பிள்ளைகளுக்காகவே அதைக் கண்டுபிடித்தார்கள். எண் குறைந்தால் பள்ளியின் மனநல ஆலோசகருக்கு மட்டும் தகவல் போகும். அவர் கூப்பிட்டுப் பேசுவார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண்ணை நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் கையில் கொடுத்துவிட்டு, அது சும்மா இருக்கும் என்று நினைக்கலாமா?

ஆலோசகர் ஆக்னஸ் மிஸ் எவ்வளவோ மறுத்தும், தலைமையாசிரியர் திருமூர்த்தி எண்களை வாங்கி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். பிறகு மாநிலம் முழுக்க ரேங்க் வந்தது. ரேங்க் வந்தால் ட்யூஷன் வராமல் இருக்குமா? போன வருடம் வேதியியல் எடுத்த மாஸ்டர்தான் இந்த வருடம் நிம்மதி எடுத்தார். விடிவதற்கு முன்பே வகுப்பு. தாமதமாக வந்தவர்களை வெளியே நிறுத்தி, நிம்மதியாக இருக்கச் சொல்லித் திட்டினார். ஆக்னஸ் மிஸ்ஸின் அறைப் பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்கவில்லை. போனால் லூசு என்று பெயர் வந்துவிடும். பாவம், மிஸ் தனியாக உட்கார்ந்து சுடோகு போட்டார்.

கோகிலவாணி ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். பதின்மூன்றாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாக மனசுக்குள் சொன்னால் மூச்சு சீராகிவிடும், மனமானி ஏமாந்துபோகும். பயம் என்னவோ இருந்த இடத்திலேயே இருந்தது. தூக்கம் வரவில்லை, சோறு இறங்கவில்லை. சொல்லலாம் என்றால் அம்மா சரஸ்வதி, "எம் புள்ள நிம்மதியில ஃபர்ஸ்ட்டு" என்று காய்கறிக்காரர் வரைக்கும் சொல்லி முடித்திருந்தாள். ஊரே கொண்டாடும் பிள்ளை எந்த வாயால் அழுவது?

விழா மேடையில் பெரிய திரை வைத்து அவள் எண்ணை நேரடியாகக் காட்டினார்கள். 99. கைத்தட்டல் அடங்கியதும் தலைமையாசிரியர் மைக்கை நீட்டினார்.

"எப்படி நிம்மதியா இருக்கறதுன்னு மத்த புள்ளைங்களுக்கு நாலு வார்த்தை சொல்லு கண்ணு."

வாயால் பேசிக்கொண்டே மனசுக்குள் வாய்ப்பாடு சொல்ல முடியாது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "அனைவருக்கும் வணக்கம்" என்றாள். திரையில் 60. "நான்..." என்றாள். 31. பிறகு 14.

"மெஷின் ரிப்பேருங்க, மெஷின் ரிப்பேரு" என்று திருமூர்த்தி கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்தார்.

"ரிப்பேர் இல்லைங்க சார். எனக்குப் பயமா இருக்குதுங்க. ரொம்ப நாளாவே. தூக்கமே வர்றதில்லைங்க." சொன்னதும் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் நெஞ்சில் எத்தனையோ மாதமாக உட்கார்ந்திருந்த கல் கொஞ்சம் நகர்ந்தது போலவும் இருந்தது.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. இப்பப் பாருங்க!" தலைமையாசிரியர் அவளிடமிருந்து மனமானியை வாங்கித் தன் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டார். "என்னையப் பாருங்க, எவ்வளவு தெம்பா இருக்கறன்!"

திரையில் 6.

"ரிப்பேர்னு சொன்னனே!"

4.

"சார், பேசப் பேசக் குறையுதுங்க!" என்று ஒரு குரல் வர, அரங்கமே வெடித்துச் சிரித்தது. திருமூர்த்தி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்தார்.

"ரிசல்ட் வருதுன்னாலே எனக்கு வயித்தக் கலக்கும்" என்றார் மெதுவாக. மைக் பக்கத்திலேயே இருந்தது. "மாத்திரை போட்டாத்தான் தூக்கம். எங்க வீட்டுக்காரம்மாவுக்குக்கூடத் தெரியாது."

யாரும் சிரிக்கவில்லை. கோகிலவாணி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"பதிமூணாம் வாய்ப்பாட்டத் தலைகீழாச் சொல்லுங்க சார். கொஞ்ச நேரம் தாங்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் ஆக்னஸ் மிஸ்கிட்டதான் போவணும். நானும் போலாம்னு இருக்கறன்."

அதற்குள் அம்மா மேடைக்கே ஏறி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "ஏஞ் சாமி, எங்கிட்டச் சொல்லல?"

"நீதான் தினமும் எத்தனைன்னு மட்டும் கேப்பியேம்மா."

திங்கட்கிழமை பதாகையும் இல்லை, அறிவிப்புப் பலகையில் ரேங்க்கும் இல்லை. கோகிலவாணி முதல் மணி அடிப்பதற்கு முன்பே ஆலோசகர் அறைக்கு ஓடினாள். யாருக்கும் தெரியாமல் ஒளிந்து போகவில்லை, மைதானத்துக்குக் குறுக்கே எல்லோரும் பார்க்கத்தான் ஓடினாள்.

அறைக்கு வெளியே நீண்ட வரிசை நின்றது. வரிசையில் ஒரு பிள்ளைகூட இல்லை. இரண்டு அப்பாக்கள், ஒரு கணக்கு டீச்சர், நிம்மதி ட்யூஷன் மாஸ்டர், கையில் டிபன் பாக்ஸோடு அவள் அம்மா. எல்லோருக்கும் முன்னால், கதவை ஒட்டி, தலைமையாசிரியர் திருமூர்த்தி.

"சார், இது புள்ளைங்களுக்கு வெச்ச ரூமுங்க" என்றாள் கோகிலவாணி.

"செத்த நேரம் பொறு கண்ணு" என்றார் அவர், கதவுக்கு இன்னும் நெருங்கி நின்றுகொண்டு. "இதுல நான்தான் ஃபர்ஸ்ட்டு."