கலப்பில்லாத ரத்தம்

படியாமல் நின்றது ஒரு குழாய்தான். காலையில் எடுத்த மற்ற ரத்தமெல்லாம் மதியத்துக்குள் கீழே சிவப்பும் மேலே மஞ்சள் நீருமாகப் பிரிந்துவிட்டிருக்க, ‘விஜயகலா, வயது 9’ என்று ஒட்டியிருந்தது மட்டும் வாய்வரை சிவந்து, யாரோ இப்போதுதான் குலுக்கி வைத்ததுபோல் இருந்தது. கொழும்பிலிருந்து வந்த ஆராய்ச்சி டாக்டர் ஸ்ரீதரன் உச்சுக்கொட்டினார். கலவானைக்கு மேலே, அட்டைக்கடிக்கும் மழைக்கும் மட்டும் குறைவில்லாத இந்தத் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் யார் கைதான் சும்மா இருக்கும்? எதையும் தொட்டுக் கெடுக்கிற ஜனங்கள் என்பது அவர் முடிவு.

அவருடைய முடிவுகளெல்லாம் அந்த ரகம்தான். ரத்தம் ஊறாத வியாதி; மாதாமாதம் ஏற்றினால்தான் விஜயகலாவுக்கு உயிர். ஏற்றினால் அடுத்தவர் ரத்தம் கலந்து தன் சோதனை கெட்டுவிடும் என்று, மகராசன், இரண்டு மாதமாக நிறுத்தி வைத்திருந்தார்.

வாசல் பெஞ்சில் மகளைச் சாய்த்துவிட்டுத் தாய் சீதாலட்சுமி எழுந்து வந்தாள்.

“ஐயா, புள்ளைக்கு மூச்சு வாங்குதுங்க. ஆஸ்பத்திரிக்கு ஒரு துண்டு எழுதித் தாங்க.”

“இன்னொரு குழாய் எடுக்கவேணும். திங்கட்கிழமை பார்ப்பம். சொன்னா விளங்காதோ?”

அவள் போய் உட்கார்ந்தாள். தகரக் கூரையில் மழை ஒரே சீராக இரைய, ஸ்பிரிட் வாடைக்கும் ஈரச் சாக்கின் வாடைக்கும் அடியில் இரும்பு போல் ஒன்று மணக்க, அவர் ஐஸ் பெட்டியிலிருந்து அந்தக் குழாயை எடுத்தார்.

சுட்டது.

கீழே வைத்தார். சிரிக்கப் பார்த்தார். காதுக்குள் இரைச்சல். மேடு ஏறியவர்போல் நெஞ்சு அடித்தது. நகங்களைப் பார்த்தார். வெள்ளை. கண்ணாடி முன் நின்று கீழிமையை இழுத்தார், ரத்தம் இருக்கிறதா என்று எத்தனையோ பிள்ளைகளுக்கு இழுத்துப் பார்த்ததுபோல். அதுவும் வெள்ளை. பயந்துவிட்டார்.

சரிந்தார். தரை. சிமெந்தின் குளிர்.

“துண்டு எழுதித் தாறன்,” என்றார். 

சீதாலட்சுமி எட்டிப் பார்த்தாள். பக்கத்தில் விஜயகலா. உதடு சிவந்திருந்தது. கன்னம் சிவந்திருந்தது. மூச்சு சீராக வந்தது.

“இப்ப இவளுக்குப் பரவாயில்லைங்க,” என்றாள் தாய். “இவ தம்பிக்கும் இதே வியாதிதாங்க. லயத்து வீட்டுல படுத்திருக்கான். தூக்கிட்டு வந்துர்றேன்.”

மழைக்குள் இறங்கிப் போனாள்.

விஜயகலா அவர் பக்கத்தில் குந்தினாள். தட்டிலிருந்து பஞ்சை எடுத்து அவர் முழங்கை மடிப்பில் வைத்து, கையை மடக்கி, அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஊசி எதுவும் குத்தவில்லை. பஞ்சு சிவந்துகொண்டிருந்தது.