சிலிண்டருக்குள் தண்ணீர்

பட்டனில் கை வைப்பதற்கு முன்பே ரிலே 'டிக்' என்றது.

விஜிதரன் கையை எடுத்துக்கொண்டான். நோர்வூட்டில் பத்து வருடமாக வண்டிகளுக்கு வயரிங் பார்க்கிறவன். ஈரம் புகுந்த வயர் என்னென்ன விளையாட்டுக் காட்டும் என்று தெரியும். ஆனாலும் வேன், ஓட்டோ என்று பழகிய கைக்கு, துறையோரம் கயிற்றில் கட்டி, தண்ணீரில் லேசாக ஆடிக்கொண்டிருந்த இந்த ஜெட் ஸ்கீ என்கிற தண்ணீர் மோட்டார் வண்டியைத் தொடவே பிடிக்கவில்லை. பிற்பகல் மூன்று மணிக்கே தேயிலை மலைகளிலிருந்து இறங்கிய மூடுபனி நீர்த்தேக்கத்தின் அக்கரையை விழுங்கிவிட்டிருந்தது. துறையின் பலகைகளுக்கு அடியில் தண்ணீர் சப்புக்கொட்டுகிற சத்தமும், பெற்றோலோடு கலந்த சேற்று நாற்றமும், முதுகுக்குப் பின்னால் ஹோட்டல் மேனேஜர் ஜீவராஜ் சிகரெட் இழுக்கிற மூச்சும்தான் மிச்சமிருந்தன.

"நாலு மணிக்கு கெஸ்ட் வர்றாங்க. அதுக்குள்ள இது ஓடணும்," என்றார் ஜீவராஜ்.

"இத ஓட்டுற சதீஸ்குமார் எங்கங்க சேர்? அவரு சம்சாரம் தனுஜா மூணு நாளா தேடுறாங்க. எங்களுக்குப் பக்கத்து லயத்து வீடுதான்."

"சொல்லாம கொள்ளாம ஓடிட்டான். ஒன்னய ரிப்பேர் பாக்கத்தான் கூப்பிட்டேன், விசாரிக்க இல்ல."

சீட்டைக் கழற்றி, பெட்டரியில் மீட்டரை வைத்தான். பன்னிரண்டரை வோல்ட். நல்ல பெட்டரி. பட்டனை அமுக்கினால் ரிலே தட்டியது, ஸ்டார்ட்டர் சுற்றவில்லை. ரிலேயின் இரண்டு முனைகளையும் ஸ்க்ரூ டிரைவரால் தொட்டு இணைத்தான். பொறி பறந்தது, எஞ்சின் அரைச் சுற்று முனகி, எதிலோ முட்டியதுபோல் நின்றது.

கரண்டில் பிழையில்லை. உள்ளே ஏதோ தடுக்கிறது. எஞ்சினின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பலகையில் வைத்துவிட்டு மறுபடி சுற்றவிட்டான். பிளக் இருந்த துளைகளிலிருந்து பழுப்புத் தண்ணீர் பீறிட்டு முகத்தில் அடித்தது.

வாயைத் துடைத்துக்கொண்டபோதுதான் புரிந்தது. சும்மா மிதக்கிற வண்டியின் சிலிண்டருக்குள் இவ்வளவு தண்ணீர் போகாது.

"சேர், இது கவுந்திருக்கு. ரொம்ப நேரம் தலகீழா கெடந்திருக்கு. கவுந்தப்ப இதுல யாருங்க இருந்தது?"

ஜீவராஜின் சிகரெட் தண்ணீரில் விழுந்து சீறியது.

விஜிதரன் பெட்டரியைக் கழற்றித் தூக்கித் தன் காலடியில் வைத்தான். "இதுக்கு மேல நான் கை வைக்கமாட்டேங்க. பொலிசுக்குச் சொல்லணும்."

பலகையில் கிடந்த அவனுடைய ஃபோனை ஜீவராஜின் சப்பாத்து தண்ணீருக்குள் தள்ளியது.

"கூப்பிட்டான். சதீஸ் தண்ணிக்குள்ள இருந்து ரெண்டு மூணு தடவ கூப்பிட்டான். நான் கரையிலதான் நின்னேன். அதுக்கு இப்ப என்னடா? வாயத் தொறந்தா நீயும் இங்கருந்து ஏறிப் போகமாட்ட." அவனைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு, குனிந்து தானே சீட்டை எடுத்து வைத்து அமுக்கிப் பூட்டினார்.

டிக்.

விஜிதரன் காலடியைப் பார்த்தான். பெட்டரி அங்கேதான் இருந்தது.

டிக். டிக்.

பிளக்குகளும் அங்கேதான். வரிசையாக. ஈரமாக.

ஜெட் ஸ்கீயின் பின்பக்கம் மெல்ல அமிழ்ந்தது, நீந்தி வந்த ஒருவர் பின்னாலிருந்து தொற்றி ஏறுவதுபோல. பிறகு நிமிர்ந்தது. ஹேண்டில் தானாகத் திரும்பியது. எஞ்சின் உறுமியது.

"சதீஸ்... வேணாம்டா."

ஜீவராஜின் குரல் கெஞ்சியது. கால்கள் நடந்தன. விஜிதரன் அவருடைய சட்டையை எட்டிப் பிடித்தான். துணி மட்டும் கிழிந்து கையோடு வந்தது. ஜீவராஜ் ஏறி உட்கார்ந்தார். கயிறு அறுந்தது. வண்டி பனிக்குள் போனது.

பிறகு, சற்றுத் தூரத்தில், நின்றது.

பனி ஒருகணம் விலகியது. ஜீவராஜ் பின்சீட்டில் இருந்தார். முன்னால் யாருமில்லை. அந்த யாருமில்லாத இடுப்பை இரண்டு கைகளாலும் இறுகக் கட்டிக்கொண்டிருந்தார். முகம் மட்டும் கரையைப் பார்த்தது.

வண்டி சாயவில்லை. ஆடவில்லை. நேராகக் கீழே இறங்கியது. தண்ணீர் அவர் இடுப்புக்கு வந்தது. நெஞ்சுக்கு. திறந்திருந்த வாய்க்கு. கைகள் பிரியவில்லை.

தலை மறைந்தது. எஞ்சின் நிற்கவில்லை. ஆழத்தில் எங்கோ ஓடிக்கொண்டே இருந்தது. விஜிதரனின் பாதங்களுக்கு அடியில் பலகைகள் அதிர்ந்துகொண்டே இருந்தன.