முதல் மீனின் பங்கு

குடலெடுத்துக் கழுவிய பிறகும் அந்த மீன் பைக்குள் துள்ளிக்கொண்டிருந்தது.

மாயக்காள் பையின் வாயை இறுக்கிக் கட்டினாள். ஓடையில் அவள் பிடித்த முதல் மீன் அது. மீன்பிடியிலும் வேட்டையிலும் பித்துப் பிடித்த பணக்காரர்களைக் கூட்டிவர, மேற்கு மலையோரம் சின்ன ஊராக ஒன்றைத் தேர்ந்து சொல்லும்படி சென்னைக் கம்பெனி அவளை அனுப்பியிருந்தது. வேட்டைக்கு இப்போது தடை என்றாலும், பழைய வேட்டை பங்களாவில் படுத்து எழுந்தாலே போதுமாம் அவர்களுக்கு. அவள் குரங்கணியைச் சொன்னாள். இடம் பிடித்துப்போனால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் அம்மாவைப் போல ஏலக்காட்டில் முதுகு வளைய வேண்டியதுதான். வீட்டின் முதல் டிகிரியைச் சாக்கில் சுருட்டிவைக்க அவள் தயாராக இல்லை.

காலையில் அவளை அங்குள்ள பங்களாவில் இறக்கிவிட்ட ஜீப்புக்காரர் திருப்பதி, செப்புக்காப்பு போட்ட கையால் ஓடைப் பாறையைக் காட்டினார்.

“மொத மீனு அங்க. இங்க வேட்டையாடிச் செத்த தொரைமாரு பங்கு. ஏல எலையில வச்சுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துரு ஆத்தா.”

“உசுரோட இருக்கையில எங்க பாட்டன் பூட்டன் ஒழைப்பத் தின்னாங்ய. செத்த பெறகும் பங்கா? எம் பங்கையும் சேத்து நீங்களே குடுத்துருங்கண்ணே.”

அவர் சிரிக்கவில்லை. “வெளயாட்டுக்கும் அப்பிடிச் சொல்லாத தாயி. பொழுது சாயுமுன்ன வந்துர்றேன்.”

இப்போது மூடுபனி இறங்கி முற்றத்தை விழுங்கியிருந்தது. ஓட்டிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருக்க, சுவரில் உளுத்துப்போன காட்டெருமைத் தலையிலிருந்து பழைய தோலின் வாடை கசிய, பங்களாவின் பின்புறம் யாரோ கட்டையில் வைத்து எலும்பு வெட்டுவதுபோல ஒரு சத்தம், அவசரமே இல்லாமல், விட்டு விட்டுக் கேட்டது. மரங்கொத்தி என்று நினைத்துக்கொண்டாள். நனைந்த நாயின் வீச்சம் வந்தது. நாய் எதுவும் இல்லை. செல்போனில் சிக்னலும் இல்லை. அவள் இங்கிருப்பது அம்மாவுக்குக்கூடத் தெரியாது. மதுரைக்குப் போவதாகத்தான் சொல்லியிருந்தாள்.

வெட்டும் சத்தம் நின்றது.

பைக்குள் மீனும் அடங்கியது.

மாயக்காள் பையை அள்ளிக்கொண்டு பாறைக்கு ஓடினாள். அங்கே ஏற்கெனவே ஓர் ஏல இலை விரித்துக் கிடந்தது. இலை நிறைய ரத்தம். பங்கை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள்.

மீனை அதன்மேல் போட்டாள்.

ஹாரன்.

ஓடினாள். பனிக்குள் ஜீப்பு. பின்பக்கம் ஏறி விழுந்தாள்.

“வெரசா எடுங்கண்ணே. மீன வச்சுட்டேன். வச்சுட்டேண்ணே.”

முன்னால் தெரிந்த முதுகு திரும்பவில்லை. ஜீப்பு நகர்ந்தது. உள்ளேயும் அதே நாய் வீச்சம். பக்கத்தில், நாரால் கட்டிய ஏல இலைப் பொட்டலம். தொட்டாள். சூடு.

குலுக்கலில் அது அவிழ்ந்தது.

செப்புக்காப்பு. காப்புக்குள் கை. விரல்கள் இன்னும் துள்ளிக்கொண்டிருந்தன.

பங்களாவுக்கு மேலே பாதை கிடையாது.

ஜீப்பு மேலேதான் ஏறிக்கொண்டிருந்தது.