பொடிசு அனுமதி கேட்கிறாள்

பொடிசு குளித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் விழும் சத்தமும், அதையும் மீறி அவள் கத்திப் பாடும் பாட்டும் கூடம் வரை கேட்டன. அவளுடைய போன் அலமாரியின் மேல்தட்டில், அணைத்து வைத்தபடி கிடந்தது. அப்படியிருக்க, அவள் அம்மாவின் போன் அதிர்ந்து, திரையில் ஒரு வரி வந்தது. ‘பொடிசு கேமராவுக்கு அனுமதி கேட்கிறாள்.’ கீழே இரண்டு பொத்தான்கள்: சம்மதம், மறுப்பு.

அம்மா மறுப்பை அழுத்தினாள்.

அவளை ஊரே டீச்சர் என்றுதான் கூப்பிடும். நீச்சல்குளத்தில் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருபவள். எந்தப் பிள்ளையையும் முதல் நாளே ஆழத்தில் இறக்கமாட்டாள். முதலில் பாதம், பிறகு முழங்கால், பிறகு இடுப்பு. மகளுக்குப் போன் கொடுத்ததும் அப்படித்தான். முதலில் அம்மா, அப்பா, அத்தை மூன்று பேரிடமும் பேச மட்டும். அது பழகிய பிறகு செய்தி அனுப்ப. அதற்குப் பிறகு, கூடத்தில் உட்கார்ந்து படம் வரைய ஒரு செயலி. புதிதாக எது வேண்டுமென்றாலும் அம்மாவின் போனுக்கு வந்து அனுமதி கேட்க வேண்டும். “அண்ணி, நீங்க போன் வாங்கித் தரல, பள்ளிக்கூடம் நடத்துறீங்க” என்று நாத்தனார் கிண்டலடித்தாள். டீச்சர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பொடிசும் முணுமுணுப்பாளே தவிர, ஒருநாளும் திருட்டுத்தனம் செய்ததில்லை.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவளிடம் கேட்டாள்.

“கேமரா கேட்டியா?”

“இல்லையே. அதான் அடுத்த பொறந்தநாளுக்குன்னு சொல்லிட்டியே.”

“போன வாரம் குரல் பதிவு கேட்டது?”

“நான் எதுவுமே கேக்கலம்மா.”

டீச்சர் கையிலிருந்த போனைத் திருப்பிப் பார்த்தாள். போன வாரம் குளத்தின் ஓரத்தில், ஒரு குழந்தை தண்ணீர் குடித்து இருமிக்கொண்டிருந்த அவசரத்தில், ஈர விரலால் சம்மதம் கொடுத்தது ஞாபகம் வந்தது. இப்போது யோசித்தால், அங்கே ‘குரல்’ என்று மட்டும்தான் இருந்தது. பதிவு என்ற சொல்லே இல்லை. அதற்கு முன்னால் ‘நடை’ கேட்டிருந்தது. காலடி எண்ணும் செயலியாக்கும் என்று சம்மதம் கொடுத்துவிட்டாள். ‘உயரம்’ கேட்டிருந்தது, அதையும்தான்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலமே இருட்டிக்கொண்டு வர, விளக்கைப் போட்டும் கூடத்தின் மூலைகளில் வெளிச்சம் போய்ச் சேரவில்லை. சுவரில் ஈரச் சுண்ணாம்பு வாசனை, அதற்குள் சூடேறிய பிளாஸ்டிக்கின் வாசனை, கண்ணாடிச் சன்னலில் ஓயாமல் விரலால் தட்டுவதுபோல் துளிகள். பொடிசு மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். மூடியிருந்த உள்ளறையில் யாரோ நடந்தார்கள். குதிகாலைத் தேய்த்துத் தேய்த்து வைக்கும் நடை. எத்தனை தடவை திட்டியும் பொடிசு மாற்றிக்கொள்ளாத நடை.

பொடிசு பென்சிலை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

“அம்மா,” என்றது உள்ளறை, பொடிசின் குரலில். “சரின்னு சொல்லும்மா.”

போன் அதிர்ந்தது. ‘பொடிசு முகத்துக்கு அனுமதி கேட்கிறாள்.’

மறுப்பு. உள்ளே நடை நின்றது.

மறுபடியும் அதிர்ந்தது. டீச்சர் போனை அணைத்தாள். நடை கதவை நோக்கி வந்தது. அணைத்த போனில் வெளிச்சம் தானாக வந்து அதே வரியைக் காட்டியது. மறுத்தாள். நின்றது. பதில் சொல்லாவிட்டால் வரும் என்று புரிந்தது.

மகளை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். “கீழ்வீட்டு ஆன்ட்டிகிட்ட ஓடு. என் குரல்ல யார் கூப்பிட்டாலும் வராத. என்னைக் கண்ணால பாத்தாத்தான் வரணும்.”

“நீயும் வாம்மா.”

“வர்றேன். நீ முதல்ல போ.”

காலடிகள் படியில் இறங்கின. கீழே ஒரு கதவு திறந்து மூடியது. டீச்சர் வாசற்கதவைத் தாழிட்டு, அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். பெற்ற பிள்ளையின் முகத்தைக் கேட்கிற ஒன்றைப் படியிறங்க விட அவள் தயாராக இல்லை.

“வா,” என்றாள். “என்கிட்ட கேளு.”

உள்ளறைக் கதவு திறந்தது.

பொடிசின் உயரம். பொடிசைப் போலவே ஒருபக்கமாகச் சாய்ந்த நிற்பு. கழுத்துக்கு மேலே, காதிலிருந்து காதுவரை வெறும் தோல்.

“கொஞ்ச நேரந்தாம்மா. திருப்பிக் குடுத்துடுறேன்.”

“முடியாது.”

“பத்திரமா வச்சிக்கிறேன்.”

“இன்னிக்கும் முடியாது. என்னிக்கும் முடியாது. நான் இருக்கிற வரைக்கும் கேட்டுக்கிட்டே இரு.”

மறுப்பு. மறுப்பு. மறுப்பு.

இந்த முறை அது நிற்கவில்லை. பக்கத்தில் வந்தது. பிளாஸ்டிக் வாசனை. சூடு. சின்னக் கை ஒன்று அவள் மணிக்கட்டைப் பிடித்து, திரையின் இடது பக்கம் இழுத்தது. சம்மதத்தின் பக்கம்.

டீச்சர் விரல்களை மடக்கினாள். முஷ்டியை நெஞ்சோடு வைத்து இறுக்கினாள். நகம் உள்ளங்கையில் ஏறியது. வெறும் தோலுக்கு நேரே முகத்தை நிமிர்த்தினாள்.

“மாட்டேன்.”

அது கோபப்படவில்லை. அவசரப்படவும் இல்லை. குனிந்து, அவள் சுண்டுவிரலைப் பிரிக்கத் தொடங்கியது.