ஒரு மணிக்குப் பூட்டிய திரை

நிதானத்தின் ரிப்பேர் கடைக்கு வருகிறவர்கள் பொதுவாகக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வக்கீல் ஆபீஸ் டைப்பிஸ்ட் வெறுங்கையோடு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு பாட்டம் அழுது முடித்தார்.

நிதானம் என்பது தெரு வைத்த பெயர். வீடு பற்றி எரிகிறது என்றால், எந்த அறை என்று கேட்கிற மனிதர். கூடவே இருப்பது அவருடைய மாமியார். தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷம் இணைப்புக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். அடுத்தவர் பேச்சைக் கேட்டே வளர்ந்த காது வீட்டில் சும்மா இருக்குமா? மாப்பிள்ளைக்கு உதவி என்று சொல்லிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார்.

"நாலு மணிக்கு மரக்கடைக்காரர் வந்து அவர் ஃபைலை எடுத்துட்டுப் போறாராம். அதோட நானும் போயிடணுமாம். பதினாறு வருஷ வேலை சார்" என்றார் டைப்பிஸ்ட்.

விஷயம் இதுதான். மரக்கடைக்காரர் வீட்டை மகளுக்கு எழுதிவைத்தார். அந்த உயில் வியாழக்கிழமை அடிக்கப்பட்டது. வெள்ளிக்கிழமை காலை காப்பி ஆறுவதற்குள் மூத்த மகன், "வீடு அவளுக்காமே?" என்று கேட்டுவிட்டான். இதற்கு முன்பு ஒரு பாகப்பிரிவினைப் பத்திரமும், ஒரு கணவன் மனைவி சமாதானக் கடிதமும் இப்படியே வெளியே போயின. மூன்றுமே தமிழில் அடித்தவை. இங்கிலீஷ் பத்திரம் ஒன்றுகூடக் கசியவில்லை.

"இங்கிலீஷ் புரியாத ஆள்தான் வெளியே சொல்லுதுன்னு வக்கீல் சார் முடிவு கட்டிட்டார். இங்கிலீஷைப் பார்த்து அடிக்க மட்டும் தெரிஞ்ச ஆள் அங்க நான் ஒருத்திதான்."

"ஸ்கிரீனைப் பூட்டாம எழுந்திருச்சிருப்பே!" மாமியார் அதற்குள் தீர்ப்பு எழுதிவிட்டார்.

"இல்லம்மா! ஒரு மணி ஆச்சுன்னா விண்டோ படம் போட்ட பட்டனையும் எல் எழுத்தையும் சேர்த்து அழுத்திட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போயிடுவேன். ரெண்டு மணிக்கு வந்தா பாஸ்வேர்டு கேட்கும். ஒருநாளும் கேட்காம இருந்ததில்ல."

"அழுத்திட்டு, பூட்டுச்சான்னு பார்ப்பீங்களா?" என்றார் நிதானம்.

"பூட்டின கதவை யாரு சார் நின்னு பார்த்துக்கிட்டிருப்பா?"

"எங்க அத்தை மூணு தடவை இழுத்துப் பார்ப்பாங்க."

ஆபீஸ் செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ஜன்னலோரம் டைப்பிஸ்ட் மேஜை. எதிரே நீளமான சோபா. அங்கிருந்து பார்த்தால் மானிட்டரின் முதுகுதான் தெரியும். பேருக்குத்தான் அது கட்சிக்காரர்கள் உட்காரும் சோபா. அனுபவ பாத்தியதை வக்கீல் மனைவியின் அண்ணனுக்கு. தினமும் பன்னிரண்டரைக்கு ஏசிக்காக வருவார். கையில் இங்கிலீஷ் பேப்பர் இருக்கும். மடிப்பு சாயங்காலம்வரை கலையாது.

"வியாழக்கிழமை மதியம் இங்கதான் இருந்தீங்களா?" என்று நிதானம் அவரைக் கேட்டார்.

"இருந்தேன். எல்லாரும் சாப்பிடப் போயிட்டா ஆபீஸுக்குக் காவல் வேணாமா? ஆனா அந்த மேஜைப் பக்கமே நான் போறதில்லை. போய்த்தான் என்ன? அது பாஸ்வேர்டு கேட்டுக்கிட்டு நிக்கும்."

வக்கீல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பூட்டு சரியாத்தான் இருக்கு. பத்திரமா இருக்கட்டும்னுதானே லினக்ஸ் போட்டோம்? இதோ." அவரே போய் இரண்டு பட்டனையும் அழுத்தினார். திரை பூட்டிக்கொண்டது.

"இப்ப என்ன அடிச்சுக்கிட்டிருந்தீங்க?" என்று டைப்பிஸ்டைக் கேட்டார் நிதானம்.

"வாடகை ஒப்பந்தம் சார். இங்கிலீஷ்" என்றார் டைப்பிஸ்ட்.

நிதானம் தலையை ஆட்டிவிட்டுக் கம்ப்யூட்டரின் பழைய பதிவுகளைப் புரட்ட உட்கார்ந்தார். கால் மணி நேரம் அதிலேயே போனது. மாமியாருக்கு நிலைகொள்ளவில்லை.

"பட்டனுக்குள்ள தூசி, மாப்பிள்ளை. ஊதிப் பாருங்க."

"தூசிக்கு ஏது அத்தை தமிழ், இங்கிலீஷ் பேதம்?"

மூன்றரைக்கு எல்லாரையும் மேஜையைச் சுற்றி நிற்கவைத்தார். "அக்கா, அந்த உயிலைத் திறங்க. தமிழுக்கு மாத்தி ஒரு வரி அடிங்க. இப்ப மணி ஒண்ணுன்னு வச்சுக்கங்க. பூட்டிட்டுக் கிளம்புங்க."

டைப்பிஸ்ட் அடித்தார், அழுத்தினார், பழக்கதோஷத்தில் திரும்பியும் பார்க்காமல் கதவுவரை போய்விட்டார். உயில் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு திரையிலேயே நின்றது.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். அப்போதும் நின்றது.

நிதானம் விளக்கினார். "பூட்டச் சொல்லி வச்சிருக்கறது எல் எழுத்துக்கு. தமிழுக்கு மாத்தினா அதே பட்டன் 'த' ஆயிடுது. 'த' வந்தா என்ன செய்யணும்னு இதுக்கு யாரும் சொல்லித்தரல. ரகசியத்தை வெளியே சொன்ன ஆளுக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு நினைச்சீங்க. உண்மையில உங்க பூட்டுக்குத்தான் தமிழ் தெரியல."

"அப்புறம் ரெண்டு மணிக்கு மட்டும் எப்படி பாஸ்வேர்டு கேட்டுச்சாம்?" என்றார் வக்கீல்.

"பத்து நிமிஷம் யாரும் தொடலைன்னா தானாவே பூட்டிக்கும். பதிவுல இருக்கு பாருங்க. இங்கிலீஷ் அடிச்ச நாள்ல ஒரு மணிக்கே பூட்டியிருக்கு. தமிழ் நாள்ல ஒண்ணு பத்துக்கு. மூணே மூணு நாள் மட்டும் அதுக்கும் மேல. வியாழக்கிழமை ஒண்ணு நாப்பது. அப்போ ஒண்ணரைவரைக்கும் ஒரு கை மவுஸ் மேல இருந்திருக்கு."

"இந்தம்மா கையா இருக்கக் கூடாதா?" என்றார் சோபாக்காரர்.

மாமியார் பாய்ந்தார். "அடிச்சதே அவதானே! அடிச்சவளுக்கு எதுக்குய்யா அரை மணி நேரம் உட்கார்ந்து படிக்கணும்?"

நிதானம் மாமியாரைப் பெருமையோடு பார்த்தார். வருஷத்தில் ஒரு நாள்தான் அப்படிப் பார்ப்பார். பிறகு சோபாக்காரர் பக்கம் திரும்பினார்.

"மேஜைப் பக்கமே போறதில்லைன்னீங்க. சோபாவிலேருந்து திரை தெரியாது. அது பாஸ்வேர்டு கேட்டுக்கிட்டு நிக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? இங்கிலீஷ் நாள்ல வந்து தொட்டுப் பார்த்து ஏமாந்திருக்கீங்க."

சோபாக்காரர் பேப்பரை விரித்தார். அன்றுதான் மடிப்பு கலைந்தது.

"கெட்ட எண்ணம் இல்ல மச்சான்" என்றார் வக்கீலிடம். "சீட்டாடற இடத்துல அந்த மூத்த பையன் என்னை மனுஷனாவே மதிக்க மாட்டான். 'உங்க வீட்டு விஷயம் ஒண்ணு தெரியும்'னு அவன்கிட்ட சொன்னேன். அன்னைக்குத்தான் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டான்."

நிதானம் பூட்டும் வேலையை எந்த மொழியிலும் எழுத்தாக மாறாத எஃப் பன்னிரண்டு பட்டனுக்கு மாற்றிக் கொடுத்தார். வக்கீல் தொண்டையைக் கனைத்தார். "சரிம்மா, மனசுல வச்சுக்காதீங்க. நாளைக்கு வழக்கம்போல வந்துடுங்க."

"மரக்கடைக்காரர்கிட்ட என் பேரைச் சொன்னது நீங்கதான் சார். அவர்கிட்ட நீங்களே இல்லைன்னு சொல்லுங்க. நாளைக்கு வர்றதைப் பத்தி அப்புறம் பேசுவோம்."

நாலு மணிக்குப் படியில் மரக்கடைக்காரரின் காலடிச் சத்தம் கேட்டது. வக்கீல் மைத்துனரைப் பார்த்தார்; வீட்டில் இருக்கிற மனைவியையும் நினைத்திருப்பார். ஆனாலும் முன்னால் வந்து நின்றார்.

"ஐயா, இந்தம்மா மேல தப்பில்ல. வாய் விட்டது என் வீட்டு ஆள். விசாரிக்காம பழி போட்டது நான்."

மரக்கடைக்காரர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஃபைலைக் கேட்க நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, டைப்பிஸ்ட் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். "உயில்ல ஒரு திருத்தம் இருக்கும்மா. நீங்களே அடிங்க."

டைப்பிஸ்ட் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "வக்கீல் சார் மட்டும் இருக்கட்டும். மத்தவங்க எல்லாரும் கீழே இறங்குங்க."

எல்லாரும் இறங்கினார்கள். மாமியார் மட்டும் படிக்கட்டில் செருப்பு வாரைச் சரிசெய்ய ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டார். கதவு கனமானது. திருத்தம் என்ன என்று தெருவுக்கு இன்றுவரை தெரியாது. மாமியாருக்கே தெரியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.