இறைச்சி மெசினில் ஒரு செவ்வந்திப்பூ

மனோரஞ்சிதம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் பின்கதவால் உள்ளே வந்தபோது, அருள்நாயகம் ஈரப் படுக்கைவிரிப்புகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு இடைவேளைக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

"சொல்லுங்கோ தங்கச்சி. கை வேலையைப் பார்க்கட்டும், காது உங்களிட்டை இருக்கு."

"சனிக்கிழமைக் கூட்டத்தில என்னை மேடையில ஏத்தப் போறாங்கள் அண்ணை. 'கடையில ஒரு துவக்கு இருந்திருந்தா என்ர மகன் உயிரோட இருப்பான்' எண்டு நான் சொல்லோணுமாம். பாக்கியராசா எழுதியே தந்திட்டான். என்ர மகனைச் சுட்டது ஆரெண்டே தெரியாமல் அதை என்னெண்டு சொல்லுறது?"

பக்கத்தில் துவாய் மடித்துக்கொண்டிருந்த யூஜினியின் கை நின்றது. அருள்நாயகம் யாழ்ப்பாணத்தில் பதினெட்டு வருடம் பொலிஸ் சார்ஜன்டாக இருந்தவர். இந்த வெள்ளைக்கார நாட்டுக்கு வந்து அழுக்குத் துணி பிரித்தாலும், சனம் தங்கள் சிக்கல்களை அவரிடம்தான் கொண்டுவரும். அப்படி யாராவது வந்துவிட்டால் யூஜினிக்குப் பசிக்காது.

பாக்கியராசாவுக்கு நகரத்தின் பார்க்டேல் பகுதியில் மளிகைக் கடை. தொண்ணூற்றைந்தாம் ஆண்டுச் சட்டம் சின்னக் கைத்துப்பாக்கிகளைத் தடுத்த நாளிலிருந்து, அவற்றைத் திருப்பித் தரவேண்டும், கடைக்காரருக்கு உரிமம் தரவேண்டும் என்று அவர் கையெழுத்துச் சேர்த்துவந்தார். இரண்டு வருடத்தில் நூறு பேர்கூடக் கையெழுத்து வைக்கவில்லை. பிறகு, போன ஒக்டோபரில், ஆயுத பூசையன்று மாலை, கடையில் வேலை செய்த மனோரஞ்சிதத்தின் மகன் விதுஷன் சுடப்பட்டான். முகமூடிக் கள்ளன் என்றார் பாக்கியராசா. நாலு மாதத்தில் கையெழுத்து மூவாயிரத்தைத் தாண்டியது. அதில் பாதிக்குமேல் பனிக்குள் வீடு வீடாகப் போய் மனோரஞ்சிதம் வாங்கியது.

"பொலிஸ் என்ன சொல்லுது?" என்று கேட்டார் அருள்நாயகம்.

"மேல்மாடியில இருக்கிற போலந்துக் கிழவிக்கு ஆறு மணி நியூஸ் தொடங்கேக்க வெடிச்சத்தம் கேட்டதாம். பாக்கியராசா அம்புலன்ஸைக் கூப்பிட்டது ஆறு இருபதுக்கு. பின்னால நிண்டவனாம், சத்தம் கேக்கேல்லையாம். ரத்தம் போய்த்தான் பிள்ளை செத்தவன். பத்து நிமிசம் முந்தி வந்திருந்தாக் காப்பாத்தியிருக்கலாம் எண்டு டொக்டர் சொன்னவர்."

மனோரஞ்சிதம் தன் பையிலிருந்து ஒரு துண்டுப்பிரசுரம் எடுத்தார். வழவழப்பான தாள், கலர்ப் படம். மறுநாட் காலை பொலிஸ் கடையைத் திருப்பிக் கொடுத்ததும், எதையும் தொடாமல் பாக்கியராசா எடுத்த படம். தரையில் இரத்தக் கறை. பின்னால் சாமிப்படத்துக்கு முன் விரித்த வெள்ளைத் துணியில் தராசு, கத்தரிக்கோல், பெட்டி கிழிக்கும் கத்தி. ஓரமாக, திறந்திருந்த பின்னறைக் கதவுக்குள், இறைச்சி அறுக்கும் மெசின். எல்லாவற்றிலும் சந்தனப் பொட்டு, ஒவ்வொரு செவ்வந்திப்பூ.

"இதைத்தான் எல்லாருக்கும் குடுக்கிறனான். இங்கிலிசில என்ன எழுதியிருக்கெண்டு எனக்குத் தெரியாது."

யூஜினி வாசித்துத் தமிழில் சொன்னாள். "'பின்னறையில் மெசினில் இறைச்சி அறுத்துக்கொண்டிருந்தேன். அந்த இரைச்சலில் வெடிச்சத்தம் கேட்கவில்லை. அறுத்து முடித்து முன்னால் வந்தபோது பையன் இரத்தத்தில் கிடந்தான்.' சரியாத்தானே இருக்கு அண்ணை?"

அருள்நாயகம் தாளை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, "சனிக்கிழமை மேடைக்குப் போக முதல் கடைக்குப் போவம்" என்றார்.

சனிக்கிழமை காலை பாக்கியராசா கோட்டும் கழுத்துப் பட்டியுமாக நின்றார். கல்லாவின் மேல் கையெழுத்துப் பெட்டிகள் மூன்று.

"வாங்கோ சார்ஜன்ட்! துணி தோய்க்கிற பொலிசும் கையெழுத்து வைக்க வந்திட்டுதோ?"

"வைப்பம். அதுக்கு முதல் ஒரு சந்தேகம். பூசை எத்தினை மணிக்கு முடிஞ்சது?"

"அஞ்சரைக்கு."

"பூசையில வைச்ச சாமானை எப்ப எடுக்கிறது?"

பாக்கியராசா கையெழுத்துப் பெட்டிகளை நேராக்கத் தொடங்கினார். யூஜினி வேதக்காரி, தேவாலயத்துக்குப் போகிறவள்; பூசை முறை அவளுக்கு விளங்கவில்லை. அருள்நாயகம் அவளைப் பார்த்தே சொன்னார்.

"அடுத்த நாள் வரைக்கும் தொடமாட்டம் பிள்ளை. தையல்காரன் ஊசி தொடான், பள்ளிப் பெடியள் புத்தகம் தொடாயினம். வெள்ளைக்காரப் பொலிசுக்கு அது தெரியாது. இந்தப் படத்தைப் பார். மெசின்ர தகட்டில சந்தனத்தோட பூ ஒட்டியிருக்கு. மெசின் ஒருக்கால் ஓடியிருந்தா அந்தப் பூ எங்கை பறந்திருக்கும்?"

"பிறகு வைச்சது!" என்றார் பாக்கியராசா.

"சாவு விழுந்த இடத்தில, துடக்கும் தீட்டுமாக் கிடக்கேக்க, ஆர் பூ வைப்பான்? மெசின் ஓடேல்லை. ஆறு மணிச் சத்தம் மேல்மாடிக் கிழவிக்குக் கேட்டது, உங்களுக்குக் கேக்காமல் இராது. அப்ப இருபது நிமிசம் என்ன செய்தனீங்கள்?"

யூஜினி துண்டுப்பிரசுரத்தைப் பறித்துப் பார்த்தாள். "அண்ணை, வெள்ளைத் துணியில கிடக்கிற இந்தப் பூவுக்குக் கீழ ஒண்டுமில்லையே!"

"அதுதான். எல்லாப் பூவுக்கும் கீழ ஒரு சாமான் இருக்கு. இதுக்கு மட்டும் வெறுந்துணி. ஆனா துணியில எண்ணெய் ஊறிக் கிடக்கு. பூசைக்கு ஆயுதத்தைத் துடைச்சு எண்ணெய் பூசித்தானே வைக்கிறது. கறை எப்பிடி வளைஞ்சிருக்கெண்டு பார். குழலும் பிடியும். பதினெட்டு வருசம் இடுப்பில கட்டினவனுக்கு அந்த அச்சுத் தெரியாதே?"

மனோரஞ்சிதம் கல்லாவின் பக்கம் வந்தார்.

"கடையில துவக்கு இருந்ததோ?" என்று கேட்டார். "இருந்ததோடா?"

பாக்கியராசா முக்காலியில் அமர்ந்தார். கழுத்துப் பட்டியைத் தளர்த்தினார்.

"விளையாட்டுக்குத்தான் அக்கா. கள்ளன் வந்தா எப்பிடி நீட்டுறதெண்டு காட்டினனான். அவன் சிரிச்சுக்கொண்டு கையைத் தூக்கினவன். உள்ளுக்குக் குண்டில்லையெண்டுதான் நினைச்சன்."

"பிறகு?"

"களவாய் வாங்கின சாமான். பொலிஸ் வந்தா உள்ளுக்குத்தான். பின்பக்கத்தால போய் நாலு தெரு தள்ளிக் குப்பைத் தொட்டியில போட்டிட்டு வந்தனான். கள்ளன் வந்த மாதிரிக் காட்டக் கல்லாக் காசையும் எடுத்து ஒளிச்சனான்." அவர் நிமிர்ந்தார். குரலில் மேடைச் சத்தம் திரும்பி வந்திருந்தது. "ஆனா யோசியுங்கோ அக்கா. சட்டம் விட்டிருந்தா நான் ஏன் ஒளிக்கிறன்? அந்த நிமிசமே கூப்பிட்டிருப்பன். அவன் இருந்திருப்பான். அப்ப எங்கட கோரிக்கை சரிதானே? மூவாயிரம் பேர் பிழையோ?"

"செவிட்டில போடுவன்!" என்று யூஜினி பாய்ந்தாள். அருள்நாயகம் அவள் கையைப் பிடித்தார்.

மனோரஞ்சிதம் கத்தவில்லை. விலை கேட்பதுபோலத்தான் கேட்டார்.

"நீ திரும்பி வரேக்க பிள்ளைக்கு நினைவு இருந்ததோ?"

"...ஓம்."

"என்ன கேட்டவன்?"

"அம்மாவைக் கூப்பிடச் சொன்னவன்."

"கூப்பிட்டியோ?"

பாக்கியராசா தரையைப் பார்த்தார். அந்த இடம் நன்றாகக் கழுவி, புது லினோலியம் ஒட்டியிருந்தது.

"நான் அண்டைக்கு வீட்டில போனடியிலதான் இருந்தனான்" என்றார் மனோரஞ்சிதம். "வேலை முடிஞ்சா எடுப்பானெண்டு."

அவர் கல்லாவின் மேலிருந்த தொலைபேசியை இழுத்துப் பாக்கியராசாவின் மடியில் வைத்தார்.

"எடு."

"அக்கா, எனக்கும் பிள்ளையள் இருக்கு..."

"எடடா."

பாக்கியராசா மூன்று எண்களை அழுத்தினார். மறுமுனைப் பெண்ணின் குரல் எல்லோருக்கும் கேட்டது. பொலிசா, தீயணைப்பா, அம்புலன்சா, எது வேண்டும் என்று அவள் கேட்டாள். பாக்கியராசா மனோரஞ்சிதத்தைப் பார்த்தார். அந்தப் பெண் இரண்டாம் தரமும் கேட்டாள்.

"அம்புலன்ஸுக்கு நேரம் போயிட்டுது" என்றார் மனோரஞ்சிதம். "பொலிசெண்டு சொல்லு."