இரண்டு ஸ்கேன், ஓர் ஈரல்

"இதுல எது நெஜம்னு நீங்கதான் சொல்லணும் டாக்டர்," என்று அந்த மனைவி இரண்டு ஸ்கேன் படங்களை மேஜைமேல் வைத்தார். பக்கத்தில் கணவர், குனிந்த தலை நிமிரவில்லை. கணவரின் தம்பி ஒரு காலைத் தாங்கித் தாங்கி வந்து சுவரோரம் நின்றார்.

"மொதல்ல ஈரல்ல கட்டின்னாங்க. அப்புறம் இவரும் கொழுந்தனாருமா வேற எடத்துல எடுத்துட்டு வந்தாங்க. ஒண்ணுமே இல்லன்னு வந்துச்சு. இத்தனை மாசம் நிம்மதியா இருந்தோம். இப்ப ஆளு பாதியாயிட்டாரு. முன்னாடி பித்தப்பையை எடுத்ததைத் தவிர ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காத மனுஷன்!"

"மொத மெஷின்ல ஏதோ கோளாறு சார்!" என்றார் அங்கே ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியன் அம்மா. எதற்கும் முந்திக்கொள்ளாவிட்டால் அந்த அம்மாவுக்குத் தூக்கம் வராது.

ஸ்கேன் டாக்டர் இரண்டு படங்களையும் நிதானமாகப் பார்த்தார். "பாவம், மெஷினைத் திட்டாதீங்க. மொத படத்துல இவரோட ஈரல் சுருங்கிக் கெடக்கு. நரம்புல மருந்து ஏத்துனதும் கட்டி பளிச்சுனு தெரியுது, கொஞ்ச நேரத்துல சுத்தி இருக்குற எடத்தைவிடக் கறுத்துப் போகுது. ஈரல் புற்றுநோய் இப்படித்தான் காட்டிக்கொடுக்கும்."

"அப்ப ரெண்டாவது படம்?" என்றார் மனைவி.

"அதுல பித்தப்பை இருக்கு."

மனைவி அந்தப் படத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

"கட்டி கரைஞ்சிடுச்சுன்னாகூட ஒரு பேச்சுக்கு நம்பலாம். வெட்டி எடுத்த பித்தப்பை திரும்ப முளைக்குமா? இது வேற ஆளோட வயிறு. இடுப்பு எலும்புல ஸ்க்ரூ வேற தெரியுது." டாக்டர் சுவர்ப்பக்கம் திரும்பினார். "தம்பி, உங்களுக்கு எந்தப் பக்கம் ஆபரேஷன்?"

தம்பி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "மன்னிச்சிருங்க அண்ணி. அண்ணன் கையைப் புடிச்சுக் கெஞ்சினாரு. அவரு பேரைச் சொல்லி நான் போய்ப் படுத்தேன்."

கணவர் அப்போதுதான் வாய் திறந்தார். "நீ சோறு தண்ணி இல்லாம அழுதுட்டே கெடந்த. என்னால பாக்க முடியல. கொஞ்ச நாளாவது சிரிச்சுட்டு இருக்கட்டுமேன்னு..."

நல்ல மனசுதான், யார் இல்லை என்றது? ஆனால் அன்றைக்குக் கட்டி சின்னது. அறுத்து எடுத்திருக்கலாம். உடனே எடுத்த புது ஸ்கேனில் அது ஈரலின் பெரிய ரத்தக்குழாய்க்குள் இறங்கியிருந்தது. மருந்து கொடுத்துக் கொஞ்ச காலம் தள்ளலாம், வலியில்லாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். டெக்னீஷியன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

மனைவி கணவரின் சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

"நான் அழுதா என்ன கெட்டுப்போச்சு? அழுதுகிட்டே உங்களைக் காப்பாத்தியிருப்பேனே!"